நிறுத்திய பிறகும் ஓடும் இன்ஜின்

மாமனாரின் காலில் மாவுக்கட்டு, மகளின் கண்ணில் தண்ணீர், மாப்பிள்ளையின் வாயில் பூட்டு. போன வாரம் இவர்களை இப்படித்தான் விட்டுவிட்டு வந்தோம்.

இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டினேன் என்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பேர். பொறுமைசாலி. கார் ஓட்டினால் சைக்கிள்காரர்கூட மணியடித்து முந்திக்கொண்டு போவார். மச்சான்கள் எல்லாரும் சேர்ந்து 'ஆமை' என்று பேர் வைத்து, குடும்பம் கூடுகிற இடத்தில் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இவரும் கூடவே சிரித்தார். உள்ளுக்குள் மட்டும் அது அறுத்துக்கொண்டே இருந்தது.

அது பொறுக்காமல்தான், யாரிடமும் மூச்சு விடாமல், வீட்டுக் காரில் இருந்த சின்ன டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரிய டர்போ ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். டர்போ என்றால் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. இன்ஜின் கக்குகிற புகையிலேயே சுற்றி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள்ளே ஊதுகிற ஒரு விசிறி. பெரிய விசிறி என்றால் சுற்றி எழும்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் கார் தூங்குமூஞ்சி. எழும்பிவிட்டாலோ, ஒரே பாய்ச்சல்.

அந்தக் காரைத்தான் அவர் மனைவியும் பகலில் எடுத்துப் போனாள்; அவள் வந்த பிறகு சாயங்காலம் இவர் கடைக்கு எடுத்துப் போவார். அவள் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் கட்டிவிடுகிற நர்ஸ். "வண்டி ஒரு மாதிரி இருக்குங்க. மிதிச்சா போக மாட்டேங்குது, அப்புறம் திடீர்னு ஓடுது" என்று அவள் வந்து சொன்னபோது இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் கால் கனமாயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார், பாவி மனுஷன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவள் வாசல் சரிவில் காரை ஏற்றும்போது அது ஏறாமல் முனகியது. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். கார் எகிறிக் குதித்து, கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவை அப்படியே சுவரோடு சேர்த்துத் தள்ளியது. கால் எலும்பு முறிந்தது. "என் கால்தான் தப்பா மிதிச்சிடுச்சு" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "விடு, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றார்.

மன்னித்துவிட்டாராம்! இனி இந்த வாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. போர்டிகோவில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார் மாமனார். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து பேசியே பழக்கம் என்பதால், வாசலில் யார் போனாலும் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசாமல் விடமாட்டார். கால் உடைந்தது அவருக்கு நல்ல சரக்காகக் கிடைத்துவிட்டது.

"என்ன ஆச்சா? எம் பொண்ணு அடிச்சுத் தூக்கிட்டா! சொத்து எழுதி வைக்கச் சொன்னா எழுதி வெச்சிருக்க மாட்டேனா? இதுக்குப் போயி கார் ஏத்தணுமா?" என்று பால்காரரிடம் சொல்லிக் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

பால்காரரும் சிரித்தார். உள்ளே ஹாலில் தன் மருந்துப் பையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றுபோனதைக் கண்ணாடிக்காரர் பார்த்தார்.

"ஆனா எம் மாப்பிள்ளை தங்கம்" என்று மாமனார் தொடர்ந்தார். "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவளைத் திட்டணுமே! வேற ஆளா இருந்தா வீடு ரெண்டாயிருக்கும். யாருக்கும் நடக்கிறதுதான்னுட்டாரு. அந்த மனசு யாருக்கு வரும்?"

கண்ணாடிக்காரருக்கு உடம்பு கூசியது. அங்கிருந்து நழுவிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முகம் கழுவினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணைத் துலக்கிவிடுகிற மனிதருக்குத் தன் மூஞ்சியைப் பார்க்கத் தெம்பில்லை.

வெளியே வந்தபோது மனைவி பையைக் கதவோரம் வைத்துக்கொண்டிருந்தாள். நீலப் பை. உள்ளே துணிச்சுருள், கத்தரிக்கோல், கையுறை என்று எல்லாம் அடுக்கியிருந்தது.

"எதுக்கு அதை அங்க வைக்கிற?"

"பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு வருது. எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்குன்னு சொன்னேனே. என்னோட பேஷண்ட்டுங்களை எல்லாம் இனிமே அதுதான் பாக்கப்போகுது. வண்டியையும் அதுவே வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கு. பையையும் கையோட குடுத்துடலாம்."

"நீ?"

"நான் ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கிறேன். கேட்டாச்சு, சரின்னுட்டாங்க."

காரை விற்கப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கேவா? அதுவும் ஒரு சின்னப் பெண்ணுக்கா?

"அந்தப் பொண்ணு நல்லா ஓட்டுமா?"

"இப்பத்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கு. பழகிடும்."

அவர் மொட்டை மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அந்த மெக்கானிக்கை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கை வைத்த கார் எல்லாம் மெல்லிசாக விசில் அடித்துக்கொண்டு போகும்.

"விசில், பழைய டர்போ எங்கிட்டதான் இருக்கு. கடையில ஃப்ரேம் பெட்டிக்குப் பின்னாடி சாக்குல சுத்தி வெச்சிருக்கேன். இப்பவே வந்து மாட்டிக் குடுத்துடு."

"என்ன சார் விளையாடுறீங்க? சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்கு அதுல. நான் வெளியூர்ல இருக்கேன். ஏன், என்ன பிரச்சினை? ஓட்டி முடிச்சதும் உடனே ஆஃப் பண்ணாம ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடுறீங்கல்ல?"

"அதெல்லாம் தவறாம செய்றேன். வண்டியை விக்கிறாங்க."

"அடடா! தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுங்க சார், கொத்திக்கிட்டுப் போவான். ஆனா சொல்லிட்டுக் குடுங்க. தெரியாதவங்க கையில இது ஆபத்து."

கண்ணாடிக்காரர் தொட்டியின் மூடியை இழுத்துச் சரியாக மூடினார்.

"சார்? வீட்ல இன்னும் சொல்லலையா நீங்க?"

போனை வைத்துவிட்டார்.

சொல்ல வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நினைத்தார். மாமனாருக்குக் கட்டுப் போட்ட அன்றைக்கு நினைத்தார். ஒவ்வொரு தடவையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலை, காரைச் செக் பண்ணப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புறவழிச்சாலைக்குப் போனார். ஆள் அரவம் இல்லை. மிதித்தார். கார் எழும்பி முதுகை சீட்டோடு அழுத்தியது. அந்த நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது! மாமனாரின் கால் உடைந்து கிடக்கிறது, மனைவி தூங்காமல் கிடக்கிறாள், இவருக்குச் சந்தோஷம். வீடு திரும்புகிற வழியெல்லாம் காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கீழே இறங்கி வந்து கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"இப்ப என்ன அவசரம் விக்கிறதுக்கு? கொஞ்ச நாள் கிடக்கட்டுமே."

"எனக்கு அதைப் பார்க்க முடியலைங்க. ஸ்டியரிங்கைத் தொட்டா கை நடுங்குது." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வண்டி இல்லைன்னா நீங்களும் நேரா வீட்டுக்குள்ள வந்துடுவீங்க."

"என்னது?"

"ஒண்ணும் இல்ல விடுங்க."

அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. வாசலில் "அக்கா!" என்று குரல் கேட்டது.

வந்த பெண் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு. சொந்தமாக ஒரு கார் என்பதை அவள் இன்னும் நம்பவில்லை போலும், கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏதாவது ரிப்பேர் இருக்காக்கா? எங்க வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"வண்டியில ஒரு குறையும் இல்லம்மா" என்றாள் மனைவி. "என்ன நடந்ததுன்னு உங்கிட்ட மறைக்க மாட்டேன், ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். குறை என் கால்ல."

கண்ணாடிக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். வாயைத் திறந்தார். "டயர் எல்லாம் புதுசு" என்றார்.

டயராம், டயர்! நாக்கு என்ன ஜென்மமோ, வேண்டிய நேரத்தில் வேண்டாத பக்கம்தான் புரளும்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் ஏதோ சொல்வதற்குள் மனைவி சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பெண் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாப்பா, இன்னொரு கால் மிச்சம் இருக்கு எனக்கு, பார்த்து ஓட்டு" என்று மாமனார் நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார். அந்தப் பெண் சிரித்தாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார் பின்னால் இறங்கித் தெருவுக்குப் போனது. முக்கு வரைக்கும் ஒழுங்காகப் போய்த் திரும்பி வந்தது. கண்ணாடிக்காரர் மூச்சு விட்டார். சரிவுக்குக் கீழே வந்து கார் நின்றது. முகப்பு நேராக போர்டிகோவைப் பார்த்தபடி. மாமனார் ஸ்டூலில் காலை நீட்டியபடி.

பெண் மிதித்தாள். கார் பாதிச் சரிவு ஏறி முனகியது. இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

இன்ஜினுக்குள் இருந்து மெல்லிசாக ஒரு விசில் கிளம்பியது. அந்தத் தெருவிலேயே அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்தவர் ஒருவர்தான்.

"காலை எடு! காலை எடும்மா!"

ஆமை என்று பேர் வாங்கியவர் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை மச்சான்கள் பார்க்கவில்லை. மாமனாரின் நாற்காலிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கார் எகிறியது. அந்தப் பெண் பதறிப்போய் பிரேக்கைக் குத்தினாள். கார் ஒரு குலுங்கு குலுங்கி, அவர் முழங்காலைத் தொட்டபடி நின்று அணைந்தது.

பெண் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "நான் கொஞ்சமாத்தான் மிதிச்சேன் அக்கா. சத்தியமா. எனக்கு என்னமோ ஆயிடுச்சு... என் கால்..."

மனைவி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாதம்மா. யாருக்கும் நடக்கிறதுதான்."

அவர் சொன்ன அதே வார்த்தை. அதே மாதிரி தோளைத் தட்டிக்கொண்டு. அந்த ஒரு வார்த்தையை நம்பி, அதைப் பத்திரமாக வைத்திருந்து, இன்னொருத்திக்கு எடுத்துக் கொடுக்கிறாள். கண்ணாடிக்காரர் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இல்ல" என்றார். "யாருக்கும் நடக்காது. இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. உன் மேலயும் இல்ல."

"என்னங்க சொல்றீங்க?"

"வண்டியில நான் ஒரு வேலை பண்ணி வெச்சிருக்கேன்."

சொன்னார். டர்போவைச் சொன்னார், விசிலைச் சொன்னார், ஆமை என்ற பேரைச் சொன்னார். சாக்கில் சுற்றி வைத்திருப்பதையும் சொன்னார். புறவழிச்சாலை விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டார். அவ்வளவு அவமானத்திலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி ஒளித்து வைக்கத் தெரிந்தது அவருக்கு.

மாமனார் பேப்பரை மடித்தார். மறுபடியும் மடித்தார். பேசாமல் இருந்து பழக்கமில்லாத மனுஷன், வாய் மட்டும் அசைந்தது.

"அப்போ... எம் பொண்ணு என்னை இடிக்கல" என்றார் கடைசியில். "நான் போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சேனே மாப்பிள்ளை. அவ காதுபடச் சிரிச்சேனே. நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

மனைவி சத்தம் போடுவாள் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்த்தார். போட்டிருந்தால் தேவலாம். அவள் அவர் எதிரே வந்து நின்றாள்.

"வண்டி ஒரு மாதிரி இருக்குன்னு நான் வந்து சொன்னப்போ?"

"மாட்டியாச்சு."

"அப்பாவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினப்போ?"

"தெரியும்."

"நான் தூக்கத்துல எழுந்து உக்காந்து அழுதப்போ?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். தினமும் கடையில இருந்து வந்து, வாசல்ல காரை நிறுத்திட்டு, இறங்காம உள்ளேயே உக்காந்திருப்பீங்களே. இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். அது எதுக்கு?"

"டர்போ கொதிச்சுப்போய் இருக்கும். உடனே ஆஃப் பண்ணா கெட்டுப்போயிடும். சூடு தணியட்டும்னு ரெண்டு நிமிஷம்..."

"டர்போவுக்கா?"

"ஆமா."

அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதைச் சிரிப்பு என்று சொல்வது கஷ்டம்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? உங்களுக்கு வீட்டுக்குள்ள வரவே பிடிக்கலைன்னு நினைச்சேன். ஜன்னல்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். இந்த மனுஷன் நம்ம மூஞ்சியில முழிக்கிறதுக்கு இவ்வளவு நேரம் மனசைத் தேத்திக்க வேண்டியிருக்கேன்னு. சத்தம் பிடிக்கலையோன்னு கார் வந்ததும் டிவியை அணைச்சிடுவேன். நான்தான் தொணதொணன்னு பேசறேனோன்னு, பேச்சையே குறைச்சுக்கிட்டேன். கவனிச்சீங்களா அதையாவது?"

கவனித்திருந்தார். கொஞ்ச நாளாக வீடு அமைதியாக இருப்பதை நன்றாகவே கவனித்திருந்தார். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது! என்னவோ இவள் இப்போதெல்லாம் பக்குவமாகிவிட்டாள் என்றுகூட நினைத்துக்கொண்டார். இப்போது அது நினைவுக்கு வந்ததும் காதெல்லாம் சுட்டது. மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

மனைவி அவரைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கதவோரம் இருந்த நீலப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்கு யாருக்குக் கட்டு மாத்தணும்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"அந்த டெய்லர் ஐயாவுக்கு அக்கா. முதுகுப் புண்."

"ஏறு, நானும் வர்றேன். வர்ற வழியில உன்னை வீட்ல இறக்கி விடறேன். வேலையை விடறதா இல்லைன்னு நாளைக்கு நானே ஆபீஸ்ல பேசிக்கிறேன்."

"வண்டி அக்கா?"

"வண்டி இப்படி இருக்கிற வரைக்கும் யாருக்கும் கிடையாது. நான் ஓட்டுறேன்."

"வேண்டாம்மா, அது ஆபத்து" என்று கண்ணாடிக்காரர் எழுந்தார்.

"தெரியாதவங்களுக்குத்தான் ஆபத்து" என்றாள் அவள். "எனக்கு இப்பத் தெரியும்."

சாவியைப் போட்டுத் திருப்பி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கார் பின்னால் இறங்கி, மெதுவாகத் தெருவைத் தாண்டிப் போய் மறைந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமனார் போர்டிகோவை விட்டு அசையவில்லை. மதியம் வெயில் அவர் மேலேயே விழுந்தபோது, நாற்காலியை உள்ளே தள்ளட்டுமா மாமா என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"வேண்டாம். அவ வரும்போது நான் இங்கதான் இருக்கணும்" என்றார் அவர். மாப்பிள்ளை என்ற வார்த்தை அதில் இல்லை. காலையில் தங்கம் என்று புகழ்ந்த வாய்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு கார் தெரு முக்கில் திரும்பியது. உள்ளே அவள் மட்டும் இருந்தாள். சரிவுக்குக் கீழே வந்து நிறுத்தினாள். மேலே, நேர் எதிரே, அவளுடைய அப்பா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, கொஞ்சம் நகருங்க" என்று கத்தினாள்.

"நகர மாட்டேன். நீ ஏறி வா!"

அவள் மெல்ல மிதித்தாள். கார் முனகியது. இன்னும் மிதிக்கவில்லை. அவசரப்படாமல் காத்திருந்தாள். விசில் கிளம்பும்போதே காலைத் தளர்த்தி, காரைத் தன் போக்கில் ஏறவிட்டாள். எகிறாமல் ஏறி வந்து, ஸ்டூலுக்கு நாலடி முன்னால் நின்றது கார்.

கிழவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

கண்ணாடிக்காரர் வாசல்படியில் நின்றிருந்தார். அவள் இறங்கி வருவாள், வந்ததும் காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும், புறவழிச்சாலையையும் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சூடு தணிய ரெண்டு நிமிஷம் என்று அவரே சொல்லிக் கொடுத்ததுதானே. காத்திருந்தார்.

ரெண்டு நிமிஷம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. அவள் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இவர் நிற்பது அவளுக்குத் தெரியும். இவரைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டில் நீலப் பை இருந்தது.

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"போகாதீங்க" என்றார் மாமனார், பேப்பருக்குப் பின்னால் இருந்து. "வரணும்னு தோணினா அவளே வருவா."

கண்ணாடிக்காரர் வீட்டுக்குள் திரும்பினார். ஹாலில் டிவி யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை அணைத்தார். ஜன்னல் பக்கமாக வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் நின்றால் கார் முழுசாகத் தெரிகிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.